‘குடலைச் சரிபண்ணினா பேச்சு வந்துடும்!’ - ஒரகடம் ஷிஃப்ட் பெற்றோர்களே, அந்தப் பவுடரை ஆர்டர் பண்ணும் முன்…

நைட் ஷிஃப்ட் முடிஞ்சு கம்பெனி பஸ்ல வர்றீங்க. ஜன்னலோரம் சாய்ந்தபடி போனைத் திறக்கிறீங்க. முந்தின நாள், ‘ரெண்டு வயசு ஆச்சு, இன்னும் பேசல’ என்று ஒரே ஒரு தடவை தேடியிருப்பீங்க. அவ்வளவுதான். இப்போ ரீல்ஸ் முழுக்க அதேதான். “பாலை நிறுத்துங்க, கோதுமையை நிறுத்துங்க, இந்த ப்ரோபயாடிக்கை 90 நாள் கொடுங்க. குடல் சுத்தமானா பேச்சு தானா வரும்!” கீழேயே பணம் கட்ட லிங்க்.

ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம், ஒரகடம் பக்கம் வாடகை வீட்டில் குழந்தை வளர்க்கிறவர் நீங்க என்றால், இந்த விளம்பரம் உங்களுக்காகவே செய்ததுபோல இருக்கும். தாத்தா பாட்டி விழுப்புரத்திலோ திருவண்ணாமலையிலோ. அப்பா ஒரு ஷிஃப்ட், அம்மா இன்னொரு ஷிஃப்ட். தெரபிக்கு அலைய நேரம் இல்லை, பவுடர் என்றால் வீட்டுக்கே வந்துடும். அதனால்தான் இதைக் கொஞ்சம் உட்கார்ந்து பார்க்க வேண்டியிருக்கு.

இந்தக் கதை எங்கே ஆரம்பிச்சது?

குடலுக்கும் குழந்தையின் வளர்ச்சிக்கும் முடிச்சுப் போடும் பேச்சு உலகம் முழுக்கப் பரவியதில் ஒரு கட்டுரைக்குப் பெரிய பங்கு உண்டு. 1998-ல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு என்ற பிரிட்டிஷ் மருத்துவர், வெறும் 12 குழந்தைகளை வைத்து ‘லான்செட்’ இதழில் எழுதியது. குடல் பிரச்னை, ஆட்டிசம், எம்.எம்.ஆர் தடுப்பூசி மூன்றையும் ஒன்றாகக் கோத்தார். 2010-ல் அந்தக் கட்டுரையை ‘லான்செட்’ திரும்பப் பெற்றது. கட்டுரை போயிடுச்சு, பயம் மட்டும் இன்னும் போகல.

அதற்காகக் குடல் - மூளைத் தொடர்பே பொய் என்று சொல்லவில்லை. நிஜமாகவே ஆராய்ச்சி நடக்கிறது. ஆனால், 2021-ல் ‘செல்’ இதழில் வந்த ஆஸ்திரேலிய ஆய்வு கதையைத் திருப்பிப் போட்டது. 247 குழந்தைகளை ஆராய்ந்தார்கள். ஆட்டிசம் உள்ள குழந்தைகள் சிலவகை உணவை மட்டுமே விரும்பிச் சாப்பிடுகிறார்கள். அதனால்தான் அவர்களுடைய குடல் பாக்டீரியாக்களின் வகை குறைகிறது என்பது அதன் முடிவு. அதாவது, குடல் மாறியதால் குழந்தை இப்படி ஆகவில்லை. சாப்பாடு மாறியதால் குடல் மாறியிருக்கு. இன்னொன்றையும் கவனிங்க. இந்த ஆய்வுகள் பெரும்பாலும் ஆட்டிசம் பற்றியவை. பேச்சுத் தாமதம் உள்ள எல்லாக் குழந்தைக்கும் ஆட்டிசம் கிடையாது. ரீல்ஸ்ல ரெண்டையும் ஒரே பாட்டில்ல அடைச்சு விக்கிறாங்க.

“ஆனா, எங்க பக்கத்து வீட்டுப் பையனுக்கு வேலை செஞ்சுதே?” - இந்தக் கேள்வி வரும். ரெண்டு வயதில் தாமதமாக இருக்கும் குழந்தைகளில் கணிசமானோர் அடுத்த சில மாதங்களில் தாமாகவே பேச ஆரம்பிப்பார்கள். அந்த 90 நாளில் நீங்க என்ன கொடுத்தாலும் பெயர் அதற்குத்தான் போகும். சிக்கல் என்னவென்றால், எந்தக் குழந்தை தானாகப் பேசும், எதற்கு உதவி தேவை என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. உதவி தேவைப்படும் குழந்தை அந்த 90 நாளை இழக்குது.

க்ளூட்டன் விஷயத்தில் எனக்குச் சிரிப்புதான் வருது. நம்ம இட்லி, தோசை, சோறு, ராகிக் கூழ் எதிலும் க்ளூட்டன் கிடையாது. இங்கே ‘கோதுமையை நிறுத்து’ என்றால் நடைமுறையில் நிற்பது பிஸ்கட்டும் ரஸ்க்கும்தான். அது நிற்கட்டும், நல்லது. ஆனால் ஏற்கெனவே நாலே நாலு அயிட்டம் மட்டும் சாப்பிடும் குழந்தைக்குப் பால், தயிரையும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தினால் கால்சியமும் புரதமும் எங்கிருந்து வரும்?

வசம்பையும் சொல்லிடணும். நாக்கில் உரசினால் பேச்சு வரும் என்பது நம்ம ஊர் நம்பிக்கை. அதிலுள்ள ஆசரோன் என்ற பொருளின் பாதிப்பால் அமெரிக்கா 1968-லேயே வசம்பை உணவில் சேர்க்கத் தடை போட்டது. பாட்டி மேல மரியாதை வெச்சுக்கிட்டே வேண்டாம் என்று சொல்லலாம். ஒரு வயதுக்குள் தேனும் கூடாது.

அப்போ சாப்பாட்டுக்குச் சம்பந்தமே இல்லையா?

இருக்கு. விளம்பரத்தில் வராத சம்பந்தம்.

தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 6 மாதம் முதல் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ரத்தசோகை 50.7 சதவிகிதமாக இருந்தது. 2019-21 ஆய்வில் 57.4 ஆகக் கூடியிருக்கு. பாதிக்கு மேல்! சின்ன வயதில் மூளையின் நரம்புகள் வளர இரும்புச்சத்து முக்கியம். அது குறைந்த குழந்தை சோர்ந்து கிடக்கும், எரிச்சல்படும், கவனிக்காது. கவனிக்காத குழந்தை வார்த்தையை எப்படிப் பிடிக்கும்? இரும்புச்சத்து கொடுத்தால் மறுநாளே பேச்சு வரும் என்று அர்த்தம் இல்லை. குறைபாடு இருந்தால் அதைச் சரிசெய்வது பேச்சுக்கு மட்டுமல்ல, மொத்த வளர்ச்சிக்கும் தேவை. அவ்வளவுதான்.

ஷிஃப்ட் வீடுகளில் ரத்தசோகைக்கு ஒரு சத்தமில்லாத காரணம் உண்டு: பால் பாட்டில். சமைக்க நேரமில்லாதபோது, தூங்க வைக்க, அழுகையை நிறுத்த என்று நாள் முழுக்கப் பால். அரை லிட்டரைத் தாண்டினால் வயிறு நிறைஞ்சிடும், சோறு இறங்காது. பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. கூடவே மலச்சிக்கல் வரும். மலம் கழிக்க வலிக்கும் குழந்தை சாப்பிடாது, தூங்காது, எதிலும் உட்காராது. ‘குடல் ஆரோக்கியம்’ என்று நீங்க கவலைப்பட வேண்டியது முதலில் இதுக்குத்தான். பாலைக் குறைச்சு தண்ணீர், பப்பாளி, வாழைப்பழம், பருப்போடு கடைந்த கீரை, தயிர்சாதம் என்று மாத்திப் பாருங்க. முட்டை, ஈரல், நெத்திலி இரும்புச்சத்துக்கு நல்லது. முருங்கைக்கீரை கொடுத்தால் கொஞ்சம் எலுமிச்சையும் சேருங்க. டீ வேண்டாம். ஒரு வாரம் பார்த்தும் மலச்சிக்கல் தீரவில்லை என்றால் டாக்டர்.

இதில் பாதி இலவசம். அங்கன்வாடியில் சத்துமாவு உண்டு. ஒரு வயதிலிருந்து குடற்புழு நீக்க மாத்திரை உண்டு, ரெண்டு வயதுக்குள் பாதி மாத்திரை. ‘ரத்தசோகை இல்லா பாரதம்’ திட்டத்தில் 6 மாதக் குழந்தையிலிருந்து வாரம் ரெண்டு தடவை 1 மில்லி இரும்புச்சத்து சிரப் உண்டு. கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்க. கடையில் வாங்கும் டப்பா உணவில் சர்க்கரை எவ்வளவு என்று பின்பக்கம் திருப்பிப் பாருங்க. இந்தியாவில் விற்கும் செரிலாக்கில் ஒரு வேளை அளவுக்குச் சராசரியாக 2.7 கிராம் சேர்க்கப்பட்ட சர்க்கரை இருப்பதாக ஸ்விஸ் அமைப்பான ‘பப்ளிக் ஐ’ 2024 ஏப்ரலில் சொன்னபோது நாடே பேசியது. மறந்துட்டோம்.

முதல்ல காது, அப்புறம் போன்

ரெண்டு வயதில் ‘அம்மா வா’, ‘பால் தா’ மாதிரி ரெண்டு வார்த்தை சேர்க்கவில்லை என்றால், முதலில் பார்க்க வேண்டியது வயிறு இல்லை, காது. “பாட்டு போட்டா திரும்புறானே” என்பது போதாது. பாதி கேட்கும் குழந்தையும் திரும்பும். ஓ.ஏ.இ, பெரா என்ற பரிசோதனைகள் இருக்கு, வலிக்காது. பெரிய குறைபாடு என்றால் காக்ளியர் இம்பிளான்ட் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் வருகிறது. ஆனால் அதற்கு வயது வரம்பு உண்டு. தாமதம் நிஜமாகவே விலை கேட்கும் இடம் இது.

போனைப் பற்றித் திட்டப்போவதில்லை. ஒரே ரூம், நைட் ஷிஃப்ட் முடிச்சவர் பகலில் தூங்கணும். குழந்தையைச் சத்தமில்லாமல் வைக்க வேற என்னதான் இருக்கு? இந்தியக் குழந்தைநல மருத்துவர் கூட்டமைப்பு ரெண்டு வயதுக்குள் ஸ்க்ரீனே கூடாது, ஐந்து வயது வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்கிறது. முழுசா முடியலைன்னா, ஊட்டும் நேரத்தில் மட்டுமாவது போனை எடுத்து வைங்க. “இது கேரட், ஆ காட்டு, காக்காவுக்கு ஒரு வாய்” என்று பேசிக்கொண்டே ஊட்டுறீங்களே, சாப்பாட்டுக்கும் பேச்சுக்கும் உள்ள நேரடித் தொடர்பு அங்கேதான் இருக்கு. ஒடிசா, பீகாரிலிருந்து வந்த குடும்பம் என்றால் வீட்டில் உங்க மொழியிலேயே பேசுங்க. ரெண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாவதில்லை.

பெற்றோர் மேல மட்டும் பழி போடலாமா?

வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் பெண் தொழிலாளர் குடியிருப்பு 2024 ஆகஸ்ட்டில் திறக்கப்பட்டது. நல்ல விஷயம். அங்கே தங்குகிற பெண்ணுக்கு நாளைக்குக் கல்யாணம் ஆகி, குழந்தை பிறந்தால்? மகப்பேறு விடுப்பு 26 வாரம். அதன்பின் குழந்தை யாரிடம்? 2017-ல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டப்படி, 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்கணும். அம்மா ஒரு நாளில் 4 தடவை போய்ப் பார்க்கலாம். 2020-ன் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இது இருக்கு. உங்க கம்பெனியில் அந்த அறை எங்கே இருக்கு, கான்ட்ராக்ட் தொழிலாளியின் குழந்தைக்கும் இடம் உண்டா என்று ஹெச்.ஆரிடம் கேட்டுப் பாருங்க. பதில் என்னவென்று எங்களுக்கும் எழுதுங்க.

எங்கே போவது? தேசிய சிறார் நலத்திட்டத்தின் மருத்துவக் குழு வருடத்தில் ரெண்டு தடவை அங்கன்வாடிக்கு வரும். பேச்சுத் தாமதமும் அவர்கள் பார்க்கும் பட்டியலில் உண்டு. அவர்கள் மாவட்ட அளவிலான ஆரம்பகட்ட இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் இ.எஸ்.ஐ-யில் குழந்தைக்கும் சிகிச்சை உண்டு. நேரடியாகப் போக வேண்டும் என்றால், முட்டுக்காட்டில் உள்ள மத்திய அரசின் பல்வகை ஊனமுற்றோர் மேம்பாட்டு நிறுவனம். 2021 முதல் அங்கே ஆரம்பகட்ட இடையீட்டு மையமும் இயங்குது. ஒரகடத்திலிருந்து வண்டலூர், கேளம்பாக்கம், கோவளம் வழியாகப் போகணும். ஒரு நாள் லீவு போயிடும் என்பது உண்மைதான்.

போகும்போது தடுப்பூசி அட்டையை எடுத்துக்கோங்க. அதற்கு முந்தின வாரம், குழந்தை விளையாடுவது, கூப்பிட்டால் திரும்புவது, சாப்பிடுவது எல்லாவற்றையும் ரெண்டு ரெண்டு நிமிஷம் வீடியோ எடுத்து வைங்க. புது இடத்தில் குழந்தை வாயே திறக்காது. அப்போ டாக்டரிடம் காட்ட அந்த வீடியோ உதவும்.