அலையைவிட அருகில் இருக்கும் ஆபத்து

சுமத்ரா தீவு அரணாக நிற்பதால் பினாங்கைக் கடல் தொடாது என்றே நம்பியிருந்தோம். 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை அத்தீவின் வடமுனையைச் சுற்றி வந்து இங்கு 52 உயிர்களைப் பறித்தது. அதை யாரும் மறக்கவில்லை. ஆனால், 2017?

அக்டோபர் 21-இல் தஞ்சோங் பூங்கா கட்டுமானத் தளத்தில் மண் சரிந்து 11 பேர் மாண்டனர். பெரும்பாலோர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். இரண்டே வாரத்தில் கொட்டிய அடைமழையில் ஜோர்ஜ்டவுன் வெள்ளக்காடானது. மறு ஆண்டு புக்கிட் கூக்குஸ் சாலைப் பணியிடத்திலும் நிலச்சரிவு; 9 பேர் பலி.

மரங்களை வெட்டி, சரிவைக் குடைந்தால் மழைநீர் உள்ளிறங்கி மண்ணின் பிடிமானத்தைத் தளர்த்தும். இது நாம் படிக்கும் புவியியல்தான். 76 மீட்டர் உயரத்துக்கு மேலும், 25 பாகையைத் தாண்டிய சரிவிலும் கட்டக்கூடாது என்கிறது மாநில நிலத்திட்டம். ‘சிறப்புத் திட்டங்களுக்கு’ மட்டும் விலக்காம். மழைக்கு அந்த விலக்கு தெரியுமா?