முதல்ல ரிப்பேர் கடை, அப்புறம்தான் சர்ஃப் போர்டு

நம்ம காலேஜில் யாராவது "சொந்தமா ஏதாவது செய்யணும்டா" என்று ஆரம்பித்தால் போதும். ஒரு வாரத்தில் லோகோ ரெடி, இன்ஸ்டா பக்கம் ரெடி, பதினைந்து ஸ்லைடு பிட்ச் ரெடி. விற்கிற பொருள் மட்டும் இருக்காது. இதற்கு நேர் எதிராக, கையில் நல்ல வேலை இருந்தும் அதை எப்படித் தொழிலாக்குவது என்று தெரியாதவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். ஒர்க்‌ஷாப்பில் அழகாக மரம் இழைப்பவன், ரேஸ் கார் டீமில் ஃபைபர் பாடி போடுபவள். இந்தக் கட்டுரை அவர்களுக்காக. ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொண்டு பார்ப்போம்: அலைச்சறுக்குப் பலகை, நம்ம பாஷையில் சர்ஃப் போர்டு.

ஏன் சர்ஃப் போர்டு? சந்தை நம்ம கடற்கரைக்கே வந்துவிட்டது என்பதால். சென்னைக்குத் தெற்கே கோவளத்தில், மீனவக் குடும்பத்தைச் சேர்ந்த மூர்த்தி மேகவன் அருண் வாசுவின் துணையோடு நடத்தும் சர்ஃப் பள்ளியைப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். மாமல்லபுரத்தில் 2023 ஆகஸ்டில் உலக சர்ஃப் லீக்கின் தகுதிச்சுற்றுப் போட்டி நடந்தது. 2025 ஆகஸ்டில் அதே ஊரில் ஆசிய சர்ஃபிங் சாம்பியன்ஷிப் நடந்து, ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்றார். கோவளம், மாமல்லபுரம், புதுச்சேரி என்று வரிசையாகப் பயிற்சிப் பள்ளிகள். ஒவ்வொரு பள்ளியிலும் அடுக்கடுக்காகப் போர்டுகள். அதில் கணிசமானவை வெளிநாட்டில் செய்யப்பட்டவை.

வெளியிலிருந்து வரவழைப்பது ஏன் செலவு பிடிக்கிறது என்பதற்கு ஒரு கணக்கு. 9 அடி போர்டுக்கான பெட்டி சுமார் 285 × 62 × 15 செ.மீ. இருக்கும். கூரியர்காரர் நிஜ எடையைப் பார்ப்பதில்லை. கன அளவை 5000-ஆல் வகுத்து வரும் எடையைப் பார்ப்பார். வகுத்துப் பாருங்கள், 53 கிலோ! உள்ளே இருக்கும் போர்டோ ஏழெட்டு கிலோதான். அதாவது காற்றைக் கப்பலேற்றிக் கொண்டுவரக் காசு கொடுக்கிறோம். மேலே சுங்க வரி வேறு.

இந்தக் கணக்கைப் பார்த்ததும் நமக்கு உடனே தோன்றுவது, "அப்போ நாமே போர்டு செஞ்சு விக்கலாமே!" அங்கேதான் நான் குறுக்கே நிற்கிறேன். செய்யலாம், ஆனால் முதல் நாளிலேயே வேண்டாம். முதலில் ஒரு ரிப்பேர் கடை போடுங்கள். உடைந்த போர்டை ஒட்டிக் கொடுக்கும் கடை. இதற்கு மூன்று காரணங்கள் சொல்கிறேன்.

முதல் காரணம் பணம். ஒரு பேச்சுக்கு எண்களை வைத்துக்கொள்வோம், உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே மாற்றிக்கொள்ளலாம். புதுப் போர்டு ஒன்றுக்குப் பொருட்செலவு 14,000 ரூபாய், விற்கிற விலை 25,000. முதலில் ஐந்து போர்டு செய்கிறீர்கள், அதில் ஒன்று சொதப்பிவிடுகிறது (ஒன்றோடு நின்றால் அதிர்ஷ்டம்). செலவு 70,000. நான்கை விற்று வந்தது ஒரு லட்சம். மிச்சம் 30,000. புதிதாகப் பழகுகிறவருக்கு ஒரு போர்டுக்கு 30 மணி நேரம் என்றால் மொத்தம் 150 மணி. ஆக மணிக்கு 200 ரூபாய், வாடகை இன்னும் கழிக்கவில்லை. இப்போது ரிப்பேர். கூலி 1,500 வாங்குகிறீர்கள். ரெசின், துணி, உப்புத்தாள், கரண்ட் எல்லாம் சேர்த்து 500. கையால் வேலை செய்த நேரம் இரண்டரை மணி. மணிக்கு 400 ரூபாய். காய்கிற நேரத்தில் இன்னொரு போர்டைப் பார்க்கலாம். எழுபதாயிரத்தை முடக்கவும் வேண்டாம்.

இந்தக் கணக்கில் முக்கியமான பாடம், உங்கள் நேரத்துக்கு விலை போடுவது. கைவேலை தெரிந்தவர்கள் பெரும்பாலும் தோற்பது இங்கேதான். "ஃப்ரெண்டுதானே, மெட்டீரியல் காசு மட்டும் குடு" என்று ஆரம்பித்தால் அது கடைசிவரை பொழுதுபோக்காகவே இருக்கும். தொழிலாகாது.

இரண்டாவது காரணம் படிப்பு. உடைந்த போர்டு மாதிரி வாத்தியார் கிடையாது. வெட்டிப் பார்த்தால் உள்ளே நுரை, நடுவே சில போர்டுகளில் மெல்லிய மரச்சட்டம், வெளியே கண்ணாடி இழைத் துணி, அதன்மேல் ரெசின். எங்கே உடைகிறது, ஏன் உடைகிறது, வெயிலில் போட்ட போர்டில் தோல் ஏன் நுரையை விட்டு உப்புகிறது என்பதெல்லாம் நூறு போர்டைத் தொட்டுப் பார்த்தவருக்குத்தான் தெரியும். ஒரு உதாரணம். போர்டின் உள்ளே இருப்பது பாலியூரித்தேன் நுரை என்றால் பாலியெஸ்டர் ரெசின் பூசலாம். தெர்மாகோல் இனத்து நுரை என்றால் அந்த ரெசினில் இருக்கும் ஸ்டைரீன் நுரையையே கரைத்துவிடும். அங்கே எபாக்சிதான். இது தெரியாமல் ஒட்டினால் சின்ன ஓட்டையாக வந்த போர்டு பெரிய குழியாகத் திரும்பிப் போகும். அதே மாதிரி, உள்ளே போன தண்ணீர் முழுசாகக் காய்வதற்கு முன் மூடினால் ஒட்டு நிற்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில் இதற்கே கூடுதல் நாள் ஒதுக்க வேண்டும். இதெல்லாம் அடுத்தவர் போர்டில் சின்ன அளவில் கற்றுக்கொண்ட பிறகு சொந்த போர்டு செய்தால் ஐந்தில் ஒன்று சொதப்பாது.

மூன்றாவது காரணம் வாடிக்கையாளர். புதுப் போர்டு ஒருவர் சில வருஷத்துக்கு ஒருமுறை வாங்குவார். பயிற்சிப் பள்ளியின் போர்டு அடிக்கடி அடிபடும். ஃபின் உடையும், ஓரம் கீறும், மூக்கு நசுங்கும். சொன்ன தேதிக்கு ஒழுங்காகச் சரிசெய்து கொடுத்த கடையை நம்பித்தான் ஒருவர் பிறகு "எனக்கு ஒரு போர்டு போட்டுத் தாங்க" என்று கேட்பார். விளம்பரத்தில் வராத நம்பிக்கை அது.

இதற்கு வரும் எதிர்வாதம் எனக்குத் தெரியும். "பி.இ. படிச்சிட்டு ஒட்டுப் போடற கடையா? இது வளருமா? ஸ்கேல் ஆகுமா?" ஹோபி ஆல்டர் என்ற கலிஃபோர்னியாக்காரரைப் பார்ப்போம். வீட்டு கராஜில் பால்சா மரத்தில் போர்டு இழைக்க ஆரம்பித்தவர். 1954-இல் டேனா பாயின்ட்டில் கடை போட்டார். 1958 வாக்கில் கார்டன் கிளார்க்கோடு சேர்ந்து மரத்துக்குப் பதில் பாலியூரித்தேன் நுரையில் போர்டு செய்யும் முறையைக் கொண்டுவந்தார். 1960-களின் கடைசியில் அதே நுரை, ஃபைபர் கைவேலையை வைத்து ஹோபி கேட் என்ற சின்னப் பாய்மரப் படகைச் செய்தார். உலகம் முழுக்க விற்ற அந்த 'கேட்' எதன் சுருக்கம் தெரியுமா? கேட்டமரான். நம்ம கட்டுமரம்! சொல் நம்முடையது, தொழில் அவருடையது. கராஜில் தொடங்கியதால் அவர் சின்னவராகவே இருந்துவிடவில்லை.

அதே கதையில் ஒரு எச்சரிக்கையும் இருக்கிறது. அந்தக் கிளார்க் பின்னாளில் நுரைக் கட்டை செய்யும் கம்பெனி நடத்தி, அமெரிக்கச் சந்தையில் பெரும்பகுதியைக் கையில் வைத்திருந்தார். 2005 டிசம்பர் 5 அன்று திடீரென்று மூடிவிட்டார். ஒரே கம்பெனியை நம்பியிருந்த பட்டறைகள் தவித்தன. எனவே நம் கடைக்கான கட்டையை முதல் நாளிலிருந்தே உள்ளூரில் தேடுவது நல்லது. பேக்கிங்குக்கும் கட்டடத்துக்கும் தெர்மாகோல் பிளாக் செய்பவர்கள் நம் மாநிலத்திலேயே இருக்கிறார்கள். 70 லிட்டர் கொள்ளளவுள்ள போர்டுக்கு, கன மீட்டருக்கு 20 கிலோ அடர்த்தியுள்ள நுரை என்றால் 1.4 கிலோ போதும். எந்த அடர்த்தி, எந்த ரெசின், எத்தனை அடுக்குத் துணி நம்ம வெயிலுக்கும் உப்புக்கும் தாங்கும் என்பது அருமையான ஃபைனல் இயர் ப்ராஜெக்ட். லேபில் இருக்கும் டெஸ்டிங் மெஷினுக்கும் வேலை கொடுத்த மாதிரி இருக்கும்.

இப்போது மனசை உறுத்தும் விஷயத்துக்கு வருகிறேன். இந்த வேலையில் பாதி தெரிந்தவர்கள் ஏற்கெனவே கடலோரத்தில் இருக்கிறார்கள். கட்டுமரத்தின் இடத்தை ஃபைபர் படகு பிடித்தபோது, குறிப்பாக 2004 சுனாமிக்குப் பிறகு, படகு செய்வதும் சரிபார்ப்பதும் கடலோர ஊர்களில் வழக்கமான தொழிலாகிவிட்டது. ரெசினில் ஹார்டனரை எவ்வளவு கலந்தால் எத்தனை நிமிஷத்தில் இறுகும் என்பதை வெயிலைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள் அந்தப் பட்டறை அண்ணன்கள். படகை அச்சுக்குள் போடுவார்கள், போர்டை நுரைமேல் போட வேண்டும். கனமான மேட்டுக்குப் பதில் மெல்லிய துணி. வித்தியாசம் அவ்வளவுதான். நாம் லேப்டாப்போடு போய் அவர்களைத் தினக்கூலிக்கு அமர்த்தி, போர்டில் நம்ம பெயரை ஒட்டினால் அதற்குப் பெயர் ஸ்டார்ட்-அப் இல்லை, பழைய கதை. கூட்டாளியாகச் சேர்க்க வேண்டும். லாபத்தில் பங்கு, போர்டின் அடியில் செய்தவரின் கையெழுத்து. இரண்டையும் முதல் நாளே எழுதி வைத்துவிட வேண்டும்.

அவர்களிடம் நாம் கற்பது ஒருபக்கம். நாம் கொண்டுபோக வேண்டியதும் ஒன்று இருக்கிறது: பாதுகாப்பு. ஃபைபர் தூசியும் ஸ்டைரீன் ஆவியும் விளையாட்டு இல்லை. துண்டைக் கட்டிக்கொண்டு இழைக்கும் வழக்கம் மாற வேண்டும். கார்ட்ரிட்ஜ் வைத்த மாஸ்க், கையுறை, தூசி உறிஞ்சும் ஏற்பாடு எல்லாம் முதலீட்டின் முதல் வரியில் வர வேண்டும். கூலியிலும் அதைச் சேர்த்தே கேளுங்கள்.

"உன் ஊர் நாகலூர், உனக்கு எதுக்குடா கடல் கவலை?" என்று ஹாஸ்டலில் கேட்கிறார்கள். ஏற்காட்டுக்காரருக்கு இந்தக் கதை நன்றாகவே புரியும். காப்பிப் பழத்தைப் பறித்து, காய வைத்து, மூட்டையாக விற்பதோடு எங்க பக்கம் பலருக்கும் வேலை முடிந்துவிடும். வறுத்து அரைத்துப் பாக்கெட்டில் போட்டவருக்குத்தான் பெயரும் காசும். எங்கள் தோட்டங்களில் காப்பிக்கு நிழலாகவும், மிளகுக்கொடி படரவும் நிற்கும் சில்வர் ஓக்கும் பெரும்பாலும் கட்டையாகவே மலை இறங்குகிறது. அதில் முழுப் போர்டு செய்ய முடியாது. கன மீட்டருக்குச் சுமார் 600 கிலோ, 70 லிட்டர் போர்டைக் கட்டையாகச் செய்தால் 42 கிலோ, யார் தூக்குவது? ஆனால் ஃபின் செய்யலாம். பலகை இல்லாமல் உடம்பாலேயே அலையில் சறுக்குபவர்கள் கையில் மாட்டிக்கொள்ளும் சின்னக் கைப்பலகை செய்யலாம். எபாக்சி பூசித் தண்ணீர் புகாமல் மூட வேண்டும். மரத்தை மட்டும் அனுமதியோடு வெட்டி, ரசீதோடு விற்பவரிடமே வாங்க வேண்டும். சின்ன பார்சலாகப் போவதால் மேலே சொன்ன 53 கிலோ கணக்கும் இங்கே வராது. ரிப்பேர் கடை கடலோரத்தில்தான் இருக்க வேண்டும். ஃபின் பட்டறை நாகலூரிலும் இருக்கலாம்.

காகித வேலையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். உத்யம் பதிவு இலவசம், ஆதாரும் பானும் போதும். சேவைத் தொழிலுக்கு ஆண்டு வருமானம் 20 லட்சத்தைத் தாண்டும்வரை ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. தமிழக அரசின் நீட்ஸ் திட்டத்தில் மானியம் உண்டுதான், ஆனால் திட்ட மதிப்பு 10 லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டும். மானியம் கிடைக்கிறதே என்று முதல் நாளே பத்து லட்சத்துக்குத் திட்டம் போடுவது, சட்டைக்கு ஏற்ற மாதிரி உடம்பை வெட்டுவது போல. கடை ஒரு வருஷம் ஓடட்டும், கணக்கு நோட்டு கையில் இருக்கட்டும், அப்புறம் அந்தக் கதவைத் தட்டலாம்.

ஆக, அடுத்த செமஸ்டர் லீவில் பிட்ச் டெக் போடும் எண்ணம் இருந்தால் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். கோவளத்துக்கோ மாமல்லபுரத்துக்கோ பஸ் ஏறி, ஒரு சர்ஃப் பள்ளியில் போய், "உடைஞ்சு ஓரமா கிடக்கிற போர்டு எத்தனை இருக்கு அண்ணா?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் எண்தான் உங்கள் மார்க்கெட் சர்வே. அதில் ஒன்றை வாங்கி வாருங்கள், பக்கத்தில் இருக்கும் படகுப் பட்டறையில் கேட்டு ஒட்டிப் பாருங்கள். ஒட்டு நின்றால் பில் போடுங்கள்.