இசை மேடை: பனியில் ஒரு பாத யாத்திரை

கிராமபோன் தட்டிலே பாட்டைப் பிடித்து வைக்கிறார்கள் என்று சொல்வது வழக்கம். கிளியைக் கூண்டில் பிடித்து வைப்பது போலத்தான் இதுவும். கிளி அகப்பட்டுவிடும், அது பறந்து திரிந்த ஆகாயம் அகப்படுமா? வியன்னா நகரத்து இசை மேதை ஷூபர்ட் ஜெர்மன் பாஷைக் கவிதைகளுக்கு இசை அமைத்த 'குளிர்கால யாத்திரை'யின் சரித்திரம் இந்தக் கேள்விக்கு ஒருவாறு விடை சொல்கிறது.

கதை மிகச் சிறியது. காதலை இழந்த வாலிபன் ஒருவன் நள்ளிரவில் அவள் வீட்டு வாசலைக் கடந்து பனியிலே நடக்கிறான். உறைந்துபோன ஆறு, தலைக்கு மேல் வட்டமிடும் காகம், தபால் வண்டியின் கொம்போசை, சத்திரமென்று அவன் எண்ணும் மயானம் எல்லாம் வழியிலே வருகின்றன. முடிவில், பனிக்கட்டியின் மேல் வெறுங்காலுடன் நின்று வாத்தியத்தின் பிடியைச் சுற்றிக்கொண்டிருக்கும் கிழவன் ஒருவனைக் காண்கிறான். கிழவனுடைய தட்டிலே ஒரு காசுகூட இல்லை. பாட்டுக்கள் மொத்தம் 24. ஒரு குரல், ஒரு பியானோ; வேறொன்றும் கிடையாது.

கவிதைகளை எழுதிய வில்ஹெல்ம் ம்யூல்லர் 1827-ல் தமது 32-வது வயதில் காலமானார். அதே ஆண்டில் இசை அமைத்த ஷூபர்ட், பாட்டுக்களை நண்பர்களுக்குப் பாடிக் காட்டினார். அவர்கள் திகைத்துப் போனார்கள். தமக்கோ மற்றெல்லாப் பாட்டுக்களையும்விட இவையே பிடித்திருப்பதாக அவர் சொன்னாராம். 1828 நவம்பர் 19-ந் தேதி, 31-வது வயதில் அவர் கண்ணை மூடினார். இரண்டாம் பகுதியின் அச்சுப் பிரதியைத் திருத்தியதே அவர் கடைசி நாட்களில் செய்த வேலை.

இத்தகைய பாட்டு மாலையைத் தட்டில் ஏற்றுவது எளிதா? முழுவதும் பாட ஒரு மணிக்கு மேலாகும். பழைய தட்டின் ஒரு பக்கத்தில் அடங்குவதோ சுமார் நாலரை நிமிஷம். அந்த எல்லைக்குள் அடங்காத பாட்டை அவசர அவசரமாகப் பாடவேண்டும், அல்லது வெட்டவேண்டும். மெழுகிலே பதிவு செய்த அந்நாளில், கடைசி அடியில் பிசகினாலும் அந்தப் பக்கம் முழுவதையும் மறுபடி பாடியாக வேண்டும். அப்படியிருந்தும் 1933-ல் கெர்ஹார்ட் ஹ்யூஷ் என்னும் பாடகர், சந்தாதாரர்களுக்காக 24 பாட்டையும் பாடி முடித்தார். லோட்டே லேமன் அம்மையார், ஆண்மகனுக்கென்று அமைந்த இந்தப் பாட்டுக்களில் ஒரு பகுதியை 1940-ல் ஒரு கம்பெனிக்கும், எஞ்சியவற்றை 1941-ல் வேறொரு கம்பெனிக்கும் பாடினார். பாட்டிலே வரும் யாத்ரீகன்கூட இவ்வளவு அலைந்திருக்க மாட்டான்!

1943 ஜனவரியில், யுத்தத்தின் நடுவே, பெர்லினில் பதினேழு வயதுப் பிள்ளை ஒருவர் இதைப் பாடினார். ஆகாய விமானத் தாக்குதல் வந்தது. பாடகரும் சபையோரும் நிலவறைக்குள் ஒதுங்கியிருந்து, பிறகு மேலே வந்து கச்சேரியைத் தொடர்ந்தார்கள். அந்தப் பிள்ளைதான் பின்னாளில் உலகப் புகழ் பெற்ற டீட்ரிஷ் ஃபிஷர்-டீஸ்காவ். யுத்தக் கைதியாக இத்தாலியில் இருந்து மீண்டவர், 1948-ல் பெர்லின் வானொலிக்காக இதே யாத்திரையைப் பாடினார். ஜெரால்டு மூர் பியானோ வாசிக்க, 1955, 1962, 1971 ஆகிய ஆண்டுகளிலும் பதிவு செய்தார். ஒரு முறை பதிந்தால் காரியம் முடிந்துவிடுமென்று அவர் கருதவில்லை.

நெடுந்தட்டும் காந்த நாடாவும் வந்த பிறகு நாலரை நிமிஷக் கூண்டு ஒழிந்தது. ஆனால் புதிய அபாயம் ஒன்று முளைத்தது. நாடாவை வெட்டி ஒட்டலாம். கடைசிப் பாட்டைக் காலையிலே புதுக்குரலில் பாடிவிட்டு, முதற் பாட்டை மறுநாள் பாடலாம். ஒரு பிசகும் இராது. ஆனால் பனியிலே அத்தனை தூரம் நடந்தவன் கிழவனிடம் வந்து சேரும்போது களைத்திருக்க வேண்டாமா? அந்தக் களைப்பைக் கத்தரிக்கோலால் உண்டாக்க முடியாது.

ஆகவே நேயர்களுக்கு ஒரு யோசனை. எந்தப் பதிவைக் கேட்டாலும் துண்டு துண்டாகக் கேட்காதீர்கள். ஓர் இரவு, வீட்டு வேலைகளெல்லாம் முடிந்த பிறகு, முதலிலிருந்து கடைசி வரை கேளுங்கள். கிழவனுடைய வாத்தியம் ஓயும்போது, பாடுகிறவர் உண்மையாகவே நடந்து வந்தாரா இல்லையா என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.