குட்டிச்சாத்தான் நம்ம வீட்டுக்கு வருமா?

பள்ளிகொண்டாவிலிருந்து ஒரு சகோதரி எழுதுகிறார்: "ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலை. வீடு திரும்ப இருட்டிவிடும். டி.வி.யில் 'மை டியர் குட்டிச்சாத்தான்' பார்த்ததிலிருந்து என் எட்டு வயதுப் பெண் ராத்திரியில் முந்தானையை விடுவதில்லை. 'அது நம்ம வீட்டுக்கும் வருமாம்மா?'ன்னு கேட்டுக்கிட்டே இருக்கா. அவ அப்பா குடிச்சுட்டு வர்ற அன்னிக்குத் தூக்கமே கிடையாது. மந்திரிக்கலாமா?"

வேண்டாம், சகோதரி. 1984-ல் வந்த இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படம் அது. பிள்ளைகள் சுவரிலும் கூரையிலும் நடப்பது மாயமல்ல. அறை மாதிரி போட்ட செட்டையும் காமிராவையும் சேர்த்து ராட்டினம் போலச் சுற்றிப் படமெடுத்தார்கள். இதைச் சொன்னாலே பாதிப் பயம் போய்விடும்.

மீதிப் பாதி? படத்தில் வரும் சிறுமி லட்சுமியின் அப்பாவும் குடிகாரர்தான். அவளுக்குத் துணையாகக் குட்டிச்சாத்தான் வருகிறது. உங்கள் மகள் பயத்தில் கேட்கவில்லை; 'நமக்கும் வராதா?' என்ற ஏக்கத்தில் கேட்கிறாள் என்றே எனக்குப் படுகிறது.

அவளை மடியில் போட்டுக்கொண்டு, "அப்பா குடிக்கிறது உன்னாலே இல்லைடி கண்ணு" என்று சொல்லுங்கள். கணவர் தெளிவாக இருக்கும் காலை வேளையில், மகள் கேட்டதை அப்படியே அவரிடம் சொல்லுங்கள். தினமும் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். டாக்டர் துணை அவசியம். வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநலப் பிரிவு உங்களுக்குப் பக்கம்தானே! இருவருமாகப் போய் வாருங்கள்.