பட்டறை கற்றான், பற்றுவரவு கற்றானா?

தேவதானத்திலிருந்தும் சேத்தூரிலிருந்தும் காலைப் பேருந்தில் தொத்திக்கொண்டு, இராசபாளையத்துக்குத் தொழில் படிக்கப் போகும் பிள்ளைகளைத் தோழர்கள் பார்த்திருப்பீர்கள். ஆலைத் தொழிலாளியின் மகன், நாற்று நடுபவளின் மகள்! குடும்பத்திலேயே முதன்முதலாகப் பட்டயம் பெறப்போகிறவர்கள். கடைசல் வேலையும் பற்றவைப்பும் கற்று வெளியே வருகிறார்கள். வந்ததும், ஆலை வாயிலில் விண்ணப்பத்தோடு காத்து நிற்கிறார்கள்.

“வேலை தேடாதே, வேலை கொடு!” என்று மேடைதோறும் உபதேசம் நடக்கிறது. நல்ல உபதேசந்தான். ஆனால், எதை வைத்துக் கொடுப்பான்? எவர் துணையோடு கொடுப்பான்?

நம் மாவட்டத்துக் கதையையே பாருங்கள். 1922இல் சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தனர். அடுத்த ஆண்டே தொழில் தொடங்கினர். அவர்களது துணிவைப் போற்றுகிறோம். அதே வேளையில் இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். வணிகம் அறிந்த சமூகம் அது. உறவின்முறை இருந்தது, மகமை இருந்தது, 1921இல் தூத்துக்குடியில் அச்சமூகத்தார் நிறுவிய வங்கியும் இருந்தது. சரக்கை எங்கே வாங்குவது, எவருக்குக் கடன் கொடுப்பது, எப்படி வசூலிப்பது என்பதை அச்சமூகத்துப் பிள்ளை கடைத் திண்ணையிலேயே கற்றது.

தேவதானத்துக் கூலிக்காரன் மகனுக்கு அந்தத் திண்ணை ஏது? அதைக் கல்லூரிதான் தரவேண்டும்!

ஐ.டி.ஐ. பாடத்தில் தொழில்முனைவு ஒரு பகுதியாக இருக்கத்தான் செய்கிறது. தேர்வுக்கு மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்ததும் மறந்துவிடும் பாடமாக அது ஆகிவிடக் கூடாது. ஓர் உருப்படியை 100 ரூபாய்க்குச் செய்து தருவதாக ஒப்புக்கொள்கிறான் ஓர் இளைஞன் என்று வைத்துக்கொள்வோம். இரும்புக்கு 60, கூலிக்கு 30. இலாபம் 10 என்று மகிழ்கிறான். மின்சாரத்துக்கு 6, கருவித் தேய்மானத்துக்கு 4, வாடகைக்கும் வட்டிக்கும் 8 என்று எழுதிப் பார்த்தால் உருப்படிக்கு 8 ரூபாய் நட்டம்! கை கற்ற வேலையைக் கணக்குக் கவிழ்த்துவிடுகிறது.

சரக்குக் கொடுத்தபின் பணம் வராவிட்டால்? சிறு தொழில் செய்பவருக்கு 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும், தவறினால் வங்கி வட்டியைப்போல் மூன்று மடங்கு வட்டி என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. பட்டயம் பெற்றவருக்கும் ஐ.டி.ஐ. படித்தவருக்கும் தமிழக அரசின் ‘நீட்ஸ்’ திட்டத்தில் முதலீட்டில் 25 விழுக்காடு மானியம் உண்டு. ஆனால், பொதுப்பிரிவினர் 10 விழுக்காட்டைத் தாமே போட வேண்டும். 20 இலட்சம் ரூபாய்த் தொழிலுக்கு 2 இலட்சம்! தாலியை அடகு வைத்தாலும் அத்தொகை தேறாத வீடுகள் எத்தனை? இதற்கு வழி காணாமல் உபதேசம் மட்டும் செய்வது, நீச்சல் தெரியாதவனைக் கிணற்றில் தள்ளிவிட்டுக் கைதட்டுவதாகும்.

ஆகவே நாம் கேட்கிறோம்: சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிகளுக்கு எந்த உதிரிப்பாகம் அடிக்கடி தேவைப்படுகிறது என்று மாணவனே விசாரித்து வரட்டும். கல்லூரிப் பட்டறையில் அதைச் செய்யட்டும், விலை போடட்டும், விற்றுப் பணம் வாங்கட்டும். இருபதாண்டு இயந்திரத்தோடு பழகிய தொழிலாளியை ஆசிரியராக அழையுங்கள். நால்வர் சேர்ந்து கூட்டுறவாகத் தொழில் நடத்தும் முறையைக் கற்றுக்கொடுங்கள். சொந்தப் பணம் இல்லாதவனுக்கு அந்த 10 விழுக்காட்டையும் கடனாகக் கொடுங்கள்.

தொழிற்சட்டமும் பாடத்தில் இடம்பெறட்டும். நாளை நாலு பேருக்கு வேலை கொடுக்கப்போகிறவன், உரிய கூலியையும் வைப்புநிதியையும் பிச்சையாக எண்ணாமல் உரிமையாக மதிக்கக் கற்கவேண்டும். நேற்று அப்பன் பட்டதை இன்னொருவன் தலையில் ஏற்றுவதா முன்னேற்றம்?

இன்னொன்று. எல்லோரும் தொழில் தொடங்கிவிட முடியாது. வேலை வேண்டுவோருக்கு வேலை தரும் கடமையை, “நீயே தொழில் தொடங்கு” என்று சொல்லி எந்த அரசாங்கமும் தட்டிக்கழிக்கலாகாது.

1953இல் பாதிநாள் பள்ளி, பாதிநாள் அப்பன் தொழில் என்றார்கள். தமிழகம் ஏற்க மறுத்தது. 1954இல் காமராசர் ஆட்சியில் அத்திட்டம் ஒழிந்தது. பிறப்பு விதித்த தொழிலை மறுத்தோம். நம் பிள்ளை தானே தேர்ந்த தொழிலில் தலைநிமிர்ந்து நிற்கச் செய்வது மீதமிருக்கும் வேலை. அதை முடிப்போம், தோழர்களே!