ஓட்டத் தெரிந்தவனுக்குப் பத்திரமா? பணம் தந்தவனுக்கா?

கண்டியைச் சூழ்ந்த மலைகளிலிருந்து நாள்தோறும் இளைஞர்கள் நகருக்கு இறங்கி வருகின்றனர். கலஹாவிலிருந்து வருகின்றனர், தெல்தோட்டையிலிருந்து வருகின்றனர், புசல்லாவையிலிருந்தும் நாவலப்பிட்டியிலிருந்தும் வருகின்றனர். கையிலே அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், மருத்துவச் சான்றிதழ். நெஞ்சிலே ஓர் ஆசை. சாரதி அனுமதிப்பத்திரம் பெற வேண்டும். பெற்றபின் பாவித்த கார் ஒன்றை வாங்கி, அதைக்கொண்டு பிழைக்க வேண்டும். உழைத்து வாழ விரும்புவோரின் நேரிய ஆசை இது. இந்த ஆசையின் வழியை மறித்து நிற்பவர் யார்? இதையே இன்று கேட்கின்றோம்.

“காராவது, தோட்டத்துப் பிள்ளைக்காவது! இஃது ஆடம்பரமன்றோ?” என்று நகைப்போர் இருக்கின்றனர். அவர்கள் ஒரு நாள், ஒரேயொரு நாள், மழைக்கால இரவிலே தோட்டத்து லயன் ஒன்றில் தங்கிப் பார்க்கட்டும். கடைசி பஸ் போய்விட்டது. கர்ப்பிணி ஒருத்திக்கு வலி கண்டுவிட்டது. பேராதனை வைத்தியசாலையோ மலைக்கு அப்பால் இருக்கிறது. அவ்வேளையில் அந்த லயனுக்கு வேண்டியது ஓடக்கூடிய ஒரு வண்டியும், அதை ஓட்டத் தெரிந்த ஒருவனுமே. அதை ஆடம்பரம் என்று சொல்லும் நா கூசவேண்டாமா?

மோட்டார் வண்டிக்கும் தமிழனுக்குமுள்ள வழக்கு இந்நாட்டிலே பழைய வழக்கு. 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. 1957இல் புதிய வண்டிகளின் இலக்கத் தகட்டிலே சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்து ஏறியது. 1958 மார்ச்சில் அவ்வெழுத்தைச் சுமந்த அரசாங்க பஸ்கள் வடக்கே ஓட்டப்பட்டன. அங்கே தமிழர் அதன்மீது தார் பூசினர். தெற்கிலே தமிழ்ப் பெயர்ப் பலகைகள்மீது தார் பூசப்பட்டது. ஏப்ரலில் பண்டா–செல்வா ஒப்பந்தம் கைவிடப்பட்டது. மே மாதத்தில் தீவெங்கும் இரத்தம் சிந்திற்று. ஒரு தகட்டின் ஓர் எழுத்து என்று அலட்சியமாய் நினைத்தவர்கள் விளைவைக் கண்டார்கள். பின்வந்த இலக்கத் தொடர்களிலிருந்து அந்த எழுத்து நீங்கிற்று. 2000ஆம் ஆண்டு முதல் ஆங்கில எழுத்துகள் வந்தன. தகட்டிலிருந்து ‘ஸ்ரீ’ போயிற்று. அலுவலக மேசையிலிருந்து அதன் மனப்பான்மை போயிற்றா?

சட்டத்தைப் பார்த்தால் குறை காண முடியாது. 1987இல் வந்த பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று. அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை, சிங்களத்தில் நிருவாகம் நடைபெறும் பிரதேசத்திலும் தமிழன் தமிழிலே அலுவல் பார்க்கலாம் என்று உரைக்கிறது. சாரதிகளுக்கான எழுத்துப் பரீட்சையைத் தமிழிலும் எழுதலாம். ஏட்டிலே சர்க்கரை! ஆனால் நாக்கிலே இனிக்கிறதா?

நாம் அறிந்த இளைஞன் ஒருவன், பதினெட்டு வயது கடந்தவன், தமிழிலே கற்றவன். ஓர் அலுவலகத்திற்குச் சென்றான். அறிவித்தல் பலகை சிங்களத்தில். வரிசை எங்கே என்று கேட்டான், மறுமொழி சிங்களத்தில். கொடுத்த படிவத்திலே தமிழ் இருந்தது. ஆனால் அதிலே பிழை நேர்ந்தபோது என்ன பிழை என்று தமிழிலே சொல்ல ஆளில்லை. நாளை வா என்றனர். அவனுக்கோ ஒரு நாள் வருகை ஒரு நாட்கூலி நட்டம். மூன்றாம் முறை திரும்பும்போது, வாசலிலே நின்ற ஒருவர் நல்ல தமிழிலே அவனை அழைத்தார். “தம்பி, ஏன் அலைகிறீர்? ஒரு தொகை தாரும், எழுத்துப் பரீட்சை முதல் ஓட்டப் பரீட்சை வரை எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்” என்றார். அவர்தாம் தரகர்!

என்னே விந்தை! அரசாங்கம் பேசாத தமிழைத் தரகர் பேசுகிறார். மேசைக்கு அப்பால் கிடைக்காத மரியாதை வாசலிலே கிடைக்கிறது, விலைக்குக் கிடைக்கிறது. மொழி மறுக்கப்படும் இடத்திலே இலஞ்சம் முளைக்கிறது. தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் ஒருவரை அமர்த்தாது மிச்சம் பிடிக்கும் சம்பளத்தை, தோட்டத் தொழிலாளியின் மடியிலிருந்து தரகர் வசூலிக்கிறார்.

ஆயினும், நம்மவரையும் விட்டுவிட மாட்டோம். “எல்லாரும் கொடுக்கிறார்கள், நானும் கொடுத்தேன்” என்று சொல்லும் இளைஞரைக் கேட்கின்றோம்: நீர் எதை விலைக்கு வாங்கினீர்? பத்திரத்தை வாங்கினீர், ஓட்டும் திறனை வாங்கினீரா? கடுகண்ணாவைக் கணவாய்க்குப் பத்திரத்தை வாசிக்கத் தெரியாது. மஹியங்கனை செல்லும் பாதையின் பதினெட்டு வளைவுகளும் உம்முடைய தரகரின் பெயரைக் கேட்டு நிமிர்ந்துவிடப் போவதில்லை. நெடிய இறக்கத்திலே தாழ்ந்த கியரில் இறங்காது பிரேக்கையே மிதித்துக்கொண்டு செல்பவனின் பிரேக் சூடேறிப் பிடிப்பு இழக்கும். இதைக் கற்காதவனும் பத்திரம் பெற்றுவிட்டால், அது பிறர் உயிரோடு விளையாடும் அனுமதி அன்றோ? 2025 மே 11ஆம் நாள் கொத்மலை கெரண்டி எல்லையில் பஸ் ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதன் காரணம் எதுவாயினும், மலைப்பாதை பிழையை மன்னிப்பதில்லை என்பதை அந்தப் பிணங்கள் நமக்கு உரைத்தன.

பத்திரம் கிடைத்தது என்றே கொள்வோம். இனி வண்டி. இங்கும் அரசாங்கமே குறுக்கே நிற்கிறது. 2020 மார்ச்சிலே வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. அந்நியச் செலாவணி வற்றியபோது அதற்கொரு நியாயம் இருந்தது, மறுக்கவில்லை. தனியார் கார்களுக்குக் கதவு திறந்ததோ 2025 பெப்ரவரி முதலாம் நாள். இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் என்ன நேர்ந்தது? புதியது வராமையால் பழையதற்குக் கிராக்கி ஏறிற்று. ஆண்டுதோறும் தேய்ந்து விலை குறைய வேண்டிய கார், தேயத் தேய விலை கூடிற்று! உலகத்திலே இரும்பு துருப்பிடித்தால் மதிப்புக் குறையும். இலங்கையிலே துருப்பிடித்த இரும்பு பொன்னாயிற்று. கதவு திறந்தபோதும் இறக்குமதித் தீர்வை, மேலதிக வரி, உற்பத்தி வரி, 18 சதவீதப் பெறுமதிசேர் வரி என்று ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கினர். செல்வர் அதைக் கட்டிவிடுவர். நாளொன்றுக்கு 1000 ரூபாவைப் பெறவே 2021 வரை போராடிய தொழிலாளியின் மகன் எங்கே போவான்?

அவன் போகுமிடம் லீசிங். அல்லது பாவித்த வண்டி விற்கும் இடைத்தரகரின் முற்றம். அங்கே ‘ஓப்பன் பேப்பர்’ என்னும் கண்ணி காத்திருக்கிறது. விற்பவர் வெற்றுப் படிவத்திலே கையொப்பமிட்டுக் கொடுப்பார், வாங்கியவர் தம் பெயரில் பதியாது பிறருக்கு விற்பார், அவரும் பதியார். கடைசியிலே நம் இளைஞன் கைக்கு வரும்போது வண்டி அவன் முற்றத்தில் நிற்கும். பதிவுப் புத்தகத்திலோ முகமறியாத ஒருவர் பெயர் நிற்கும். பழைய லீசிங் கடன் தீராதிருந்தால், உரிமையாளராய்ப் பதியப்பட்ட நிதி நிறுவனம் ஒரு விடியலிலே வண்டியை இழுத்துச் செல்லும். தாய் அடகு வைத்த தோடும் அதனோடு போகும்.

ஆதலின் நம் இளைஞருக்குச் சொல்கின்றோம். பணம் எண்ணுமுன் பதிவுச் சான்றிதழை வாசியுங்கள். அதிலுள்ள இயந்திர இலக்கமும் அடிச்சட்ட இலக்கமும் வண்டியிலுள்ளவற்றோடு பொருந்துகின்றனவா என்று பாருங்கள். கடன் தீர்ந்ததற்கு எழுத்துமூல ஆதாரம் கேளுங்கள். உரிமை மாற்றத்தை உங்கள் பெயரிலேயே பதியுங்கள். வண்ணப்பூச்சின் மினுக்கில் மயங்காது, நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரோடு ஏற்றத்திலும் இறக்கத்திலும் ஓட்டிப் பாருங்கள். சமதரையிலே எந்தக் காரும் நல்ல கார்தான். கிளச்சின் குணமும் பிரேக்கின் குணமும் மலையிலேதான் வெளிப்படும்.

அரசாங்கத்தையோ கேட்கின்றோம்: மலைநாட்டிலே அனுமதிப்பத்திரம் வழங்கும் ஒவ்வோர் அலுவலகத்திலும் தமிழ் பேசும் உத்தியோகத்தரை அமர்த்துவீரா? கட்டணம் எவ்வளவு, படிகள் எவை என்பதை வாசலிலே தமிழிலும் பெரிய எழுத்தில் எழுதி வைப்பீரா? 2022இன் நெருக்கடியைத் தொடர்ந்து அச்சிட அட்டையின்றி இலட்சக்கணக்கானோரைத் தற்காலிகக் கடதாசியோடு அலையவிட்டதுபோல் இனியும் விடமாட்டோம் என்று உறுதி கூறுவீரா? சிறிய காரை முதன்முதலாய் வாங்கும் ஏழைக்கும், மாளிகை போன்ற வண்டியை இறக்கும் செல்வனுக்கும் வேறுபாடு கண்டு வரி விதிப்பீரா?

இவை சலுகைகளல்ல. சட்டத்தில் எழுதியிருப்பதையும், நீதிக்கு ஏற்றதையும் கேட்கின்றோம். அரசாங்கம் செய்யும்வரை நாமும் சும்மா இருத்தலாகாது. தமிழிலே அலுவல் மறுக்கப்பட்டால் நாள், நேரம் குறித்து அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு எழுதுவோம். நகரத்திலே இருக்கும் படித்த தமிழர், மலையிலிருந்து வரும் இளைஞனுக்கு ஒரு நாள் துணைநின்றால் தரகரின் கடை அன்றே படுத்துவிடும்.

இம்மலைகளிலே தேயிலை நட்டவனும் தோட்டப் பாதைகளை வெட்டியவனும் நம் பாட்டன். பாட்டன் வெட்டிய பாதையிலே பேரன் தலைநிமிர்ந்து வண்டி ஓட்டட்டும். அவன் கையிலுள்ள பத்திரம் அவன் கற்றதற்குக் கிடைத்ததாய் இருக்கட்டும்.