ஸ்தல சுயாட்சியா? மிராசு ஆட்சியா?

"ரிப்பன் எங்கள் அப்பன்" என்று ஆர்ப்பரித்த காலம் ஒன்று இருந்தது. 1882-ஆம் ஆண்டு மே திங்களில் ரிப்பன் பிரபு ஸ்தல சுயாட்சித் தீர்மானத்தை வெளியிட்டார். 1884-இல் சென்னை மாகாணத்துக்கென ஸ்தல போர்டுச் சட்டம் பிறந்தது. ஊரை இனி ஊராரே ஆளப்போகின்றனர் என்று பட்டம் பெற்றோரும் பட்டுச் சால்வை போர்த்தியோரும் பூரித்தனர். நாம் கேட்கிறோம்: எந்த ஊரார்?

இன்று பூவிருந்தவல்லி நகராட்சி. ஆவடி, 2019 முதல் மாநகராட்சி. அம்பத்தூரோ 2011-இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்துவிட்டது. அன்று இவையெல்லாம் செங்கற்பட்டு ஜில்லாவின் ஊர்கள். ஜில்லா போர்டுக்குத் தலைவர் யார்? கலெக்டர்! தாலுகா போர்டுக்கு? அவருக்குக் கீழ்ப்பட்ட டிவிஷன் அதிகாரி! இவற்றின் அடியிலே, சிற்றூர்களைச் சேர்த்து அமைத்த 'யூனியன்'. அதன் பஞ்சாயத்தில் கிராம முன்சீப் பதவிவழி உறுப்பினர். மற்றையோர் பெரும்பாலும் நியமனம் பெற்றோர். வீட்டுவரி தண்டுவது, விளக்கு வைப்பது, தெருப் பெருக்குவது அதன் பணிகள். வெள்ளைக்காரர் மேலே, மிராசுதார் கீழே. இதற்குப் பெயர் சுயாட்சி!

செங்கற்பட்டு மிராசுரிமைக்குப் பேர்போன சீமை. அங்கே கலெக்டராயிருந்த டிரெமென்ஹீர், 1891-இல், தாழ்த்தப்பட்ட மக்களின் நிலை பற்றி அறிக்கை எழுதினார். குடிசை நிற்கும் மனைகூட அவர்களுக்குச் சொந்தமில்லை. கூலி போதவில்லை என்று வாய் திறந்தால், மனையை விட்டு வெளியேறு என்று மிரட்ட மிராசுதாரால் முடிந்தது. அந்த மிராசுதாரும் அவர்தம் உறவினருமே பஞ்சாயத்து நாற்காலியிலும் அமர்ந்தால், விளக்கு எந்தத் தெருவில் எரியும், எந்தத் தெரு இருளில் கிடக்கும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

பழம்பெருமை பேசுவோர் உடனே உத்திரமேரூரைக் காட்டுவர். பத்தாம் நூற்றாண்டிலேயே குடவோலை, முதற் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு, உலகுக்கே வழிகாட்டி என்பர். அதுவும் இதே செங்கற்பட்டுச் சீமைதான்! கல்வெட்டைக் கண்ணாற் கண்டு பேசுங்கள் ஐயா! குடத்தில் பெயர் விழ என்ன தகுதி வேண்டும்? வரி கட்டும் கால் வேலி நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். மறை ஓதியிருக்க வேண்டும். பிரமதேயத்துச் சபை அது, பார்ப்பனர் சபை. உழுதவன் பெயர் குடத்தில் இல்லை. பெண்ணின் பெயரும் இல்லை. அன்று சொந்த மனை இல்லாதவனுக்குக் குடவோலை இல்லை. ஆயிரம் ஆண்டு கழித்தும் அவனுக்குச் சொந்த மனை இல்லை!

ஸ்தல ஸ்தாபனங்களே வேண்டா என்போர் அல்லர் நாம். ஈரோடு நகரசபைத் தலைவராயிருந்து பெரியார் குடிநீர்த் திட்டம் கண்டதை நாடறியும். நாற்காலியைவிட அதில் அமர்பவர் யார் என்பதே நம் வழக்கு.

1920-இல் புதுச் சட்டம் வந்தது. நீதிக்கட்சி அமைச்சரவையில் பனகல் அரசர் ஸ்தல சுயாட்சித் துறையை ஏற்றார். 1924-இல், அதே செங்கற்பட்டு ஜில்லாவின் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், சட்டசபையில் ஒரு தீர்மானம் கொணர்ந்தார். பொதுத் தெருவில் எவரும் நடக்கலாம், பொதுக் கிணற்றில் எவரும் நீர் எடுக்கலாம் என்பதே அது. அரசும் ஆணை பிறப்பித்தது. எண்ணிப் பாருங்கள் தோழர்களே! ஊர்ப் பணத்தில் போட்ட பாதையில் ஊரார் நடக்க, சுயாட்சி பிறந்து நாற்பது ஆண்டு கழித்து, தனித் தீர்மானம் வேண்டியிருந்தது! அதுவரை நடந்தது சுயாட்சி என்றால், 'சுயம்' எவருடையது?

பின்னர் தாலுகா போர்டுகள் ஒழிந்தன. ஜில்லா போர்டுகளும் ஒழிந்தன. வயது வந்தோர்க்கெல்லாம் வாக்கு, தாழ்த்தப்பட்டோர்க்கும் பெண்டிர்க்கும் ஒதுக்கீடு என எல்லாம் வந்தன. நாற்காலியும் வந்ததா? பழைய செங்கற்பட்டு ஜில்லாவிலிருந்து பிரிந்த திருவள்ளூர் மாவட்டத்தில், கும்மிடிப்பூண்டி அருகே ஆத்துப்பாக்கம் என்றோர் ஊர். மக்கள் வாக்களித்துத் தேர்ந்த தலைவர் ஒரு தாழ்த்தப்பட்ட பெண்மணி. 2020 ஆகஸ்டு 15-ஆம் நாள் அவர் கொடியேற்றவில்லை, ஏற்ற விடவில்லை. ஐந்து நாள் கழித்து, கலெக்டரே நேரில் வந்து நின்ற பிறகுதான் அவர் கையால் கொடி ஏறிற்று.